கட்டிங் மெஷினுக்கு டிசைன் ஃபைல் எப்படி செய்யறது: ட்ரேஸ், எஸ்விஜி, டிஎக்ஸ்எஃப், எது யாருக்கு

எந்த மெஷின் வாங்கலாம்னு கேக்கறவங்க நிறைய பேர், பேப்பர், ஸ்டிக்கர் ஷீட்டை கத்தியால வெட்டற வீட்டு மெஷின்ல கேமியோவா கிரிகட்டான்னு மாசக்கணக்கா யோசிச்சு வாங்கிடறாங்க, வாங்கி முதல் வாரம் மெஷினோட வந்த மாதிரி டிசைனை வெட்டிப் பாத்து சந்தோஷப்படறாங்க, அதுக்கப்புறம் “நம்ம பாப்பா பேரை தமிழ்ல வெட்டணும், ஃபைல் எதுல செய்யறது”ன்னு நிக்கறாங்க. அங்கதான் மெஷினோட பாதி பயன் முடங்கிப் போகுது. மெஷின் எதுவா இருந்தாலும் கத்தி கத்திதான், ஃபைலை எப்படி செய்யறோம், எந்த வடிவத்துல வெச்சுக்கறோம்ங்கறதுதான் நாளைக்கும் கூட வரப்போற விஷயம், அதனால மெஷினை விட்டுட்டு ஃபைலை மட்டும் ஒப்பிட்டு எழுதறேன். என்கிட்ட இருக்கறது சில்ஹவுட் கேமியோ, பன்னெண்டு இன்ச் அகலம் வெட்டற வீட்டு மெஷின். வளைகாப்பு போர்டு, கேக் டாப்பர், கொலுவுக்குப் பின்னாடி வைக்கற அலங்காரம், தாம்பூலப் பைல ஒட்டற பேர் ஸ்டிக்கர், இதெல்லாம்தான் வேலை.

முதல்லயே என் முடிவைச் சொல்லிடறேன், படிச்சிட்டு நீங்க ஒத்துக்கலாம் ஒத்துக்காம போகலாம். தமிழ் எழுத்து வருதுன்னா இங்க்ஸ்கேப்ங்கற இலவச வரையற மென்பொருள்ல செஞ்சு எஸ்விஜி ஃபைலா வெச்சுக்கோங்க, மூலம் எப்பவும் அதுவா இருக்கட்டும், மெஷினுக்கு எது வேணுமோ அதை அதுலேர்ந்து எடுத்துக் கொடுங்க. ஒரே ஒரு தடவை வெட்டி முடிச்சுப் போடற உருவத்துக்கு மட்டும் படத்தை ட்ரேஸ் பண்ணுங்க, அதாவது படத்தோட விளிம்பை மென்பொருளே வெட்டுக்கோடா எடுக்கட்டும். காசு கொடுத்து மென்பொருளை அப்கிரேட் பண்றது ரெண்டாவது மாசத்துல யோசிக்க வேண்டிய விஷயம், முதல் நாள்ல இல்ல.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு அடிப்படை. பிஎன்ஜி, ஜேபெக் ரெண்டும் படம், அதாவது கலர் புள்ளிங்களை வரிசையா அடுக்கி வெச்சது. நம்ம கண்ணுக்கு அதுல ஒரு மயில் தெரியும், மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது, ஏன்னா கத்தி ஓடறதுக்கு அதுல கோடே கிடையாது. எஸ்விஜியும் டிஎக்ஸ்எஃப்பும் கோட்டு ஃபைல். இங்க ஆரம்பிச்சு இப்படி வளைஞ்சு அங்க முடின்னு கணக்கா எழுதி வெச்சிருக்கும், அதனால எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறு வராது. டிஎக்ஸ்எஃப் பழசு, 1982-ல ஆட்டோகேட் வந்தப்போ கூடவே வந்தது, என்ஜினியர் வரைபடத்துக்காகப் பொறந்தது. எஸ்விஜி வெப் பக்கத்துக்காக செஞ்சது, 2001-ல வெப் தரநிலைங்களை வகுக்கற டபிள்யூ3சி அமைப்பு அதை தரநிலையா வெளியிட்டுச்சு, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொது வடிவம். இந்த ரெண்டோட பொறப்பைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா பின்னாடி வர்ற பாதி தொல்லைக்கு காரணம் தானா புரியும்.

இதுல மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் உண்டு. கேமியோவுக்கு வர்ற சில்ஹவுட் ஸ்டுடியோவோட இலவச பேசிக் எடிஷன் படத்தையும் டிஎக்ஸ்எஃப்பையும் திறக்கும், எஸ்விஜியை கம்ப்யூட்டர்ல திறக்காது, அதுக்கு டிசைனர் எடிஷன் வாங்கணும். கிரிகட்டோட டிசைன் ஸ்பேஸ் எஸ்விஜியை காசு இல்லாமலே ஏத்திக்கும், டிஎக்ஸ்எஃப்பும் கம்ப்யூட்டர்ல ஏறும், ஆனா உள்ள போன டிசைனை எஸ்விஜியா வெளிய எடுக்க வழி இல்ல. பிரதர் ஸ்கேன்-என்-கட் தனி ரகம், அதுல ஸ்கேனரே மெஷினுக்குள்ள இருக்கு, பேப்பர்ல கையால வரைஞ்சதை வெச்சா கம்ப்யூட்டர் இல்லாமலே வெட்டுக்கோடு போட்டுக்கும், டிஎக்ஸ் வரிசை மெஷின்ல எஸ்விஜியை பென்டிரைவ்ல போட்டும் கொடுக்கலாம்.

படத்தை ட்ரேஸ் பண்றதுதான் எல்லாரும் முதல்ல போற வழி, சுலபமாவும் இருக்கு. சில்ஹவுட் ஸ்டுடியோல படத்தை இழுத்துப் போட்டு ட்ரேஸ் பேனலை திறந்து ஏரியாவை செலக்ட் பண்ணி த்ரெஷோல்டை ஏத்தி இறக்கினா மஞ்சள் நிரம்பும், அதுதான் கோடாகப் போற இடம், ட்ரேஸ் அழுத்தினா முடிஞ்சுது. ட்ரேஸ் அவுட்டர் எட்ஜ்னு இன்னொரு பட்டன் இருக்கு, அது உள்ள இருக்கற ஓட்டையை எல்லாம் விட்டுட்டு வெளி விளிம்பை மட்டும் எடுக்கும், ஸ்டிக்கர் வெட்டறதுக்கு அது போதும். கறுப்பு வெள்ளையா, பெரிய படமா, விளிம்பு தெளிவா இருந்தா ட்ரேஸ் நல்லாவே வரும், குறை சொல்ல முடியாது. யானை, மயில், விளக்கு மாதிரி முழு உருவத்துக்கு நான் இப்பவும் அதைத்தான் செய்யறேன்.

சிக்கல் எங்கன்னா நம்ம கிட்ட வர்ற படமே சரியா இருக்காது. யாராவது வாட்சப்ல ஃபோட்டோவா அனுப்புவாங்க, அது வழியிலயே சுருங்கி விளிம்பெல்லாம் அழுக்கு படிஞ்ச மாதிரி ஆயிடும், அதை ட்ரேஸ் பண்ணினா நேர்கோடு வர வேண்டிய இடத்துல ரம்பப் பல்லு மாதிரி வரும், சுத்தி குட்டி குட்டியா முட்டை முட்டையா வேற வெட்டுக்கோடு விழும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும். இன்னொரு கணக்கு, ஆறு இன்ச்ல வெட்டப் போறீங்கன்னா படம் குறைஞ்சது 1800 பிக்சல் அகலம் இருக்கட்டும், அதாவது இன்ச்சுக்கு முன்னூறு. சின்ன படத்தை இழுத்து பெருசாக்கி ட்ரேஸ் பண்றது வீண் வேலை, பெருசாகறது அழுக்கும் சேர்த்துதான்.

ட்ரேஸ்ல இன்னொண்ணு கவனிக்கணும், நோடு எண்ணிக்கை. கோடு திரும்பற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு புள்ளி இருக்கும், கையால வரைஞ்ச ஒரு இலைக்கு ஆறேழு புள்ளி போதும், மோசமான படத்தை ட்ரேஸ் பண்ணினா அதே இலைக்கு இருநூறு விழும். கத்தி ஒவ்வொரு புள்ளியிலயும் தயங்கித் தயங்கிப் போகும், கார்டுஸ்டாக்குங்கற தடி பேப்பரா இருந்தா விளிம்பு பிஞ்சு பஞ்சாயிடும், அப்போ நாம கத்தி மழுங்கிடுச்சுன்னு நெனச்சு புது கத்தி வாங்குவோம். வாங்கறதுக்கு முன்னாடி எடிட் பாயின்ட்ஸ் போட்டு புள்ளிங்களைப் பாருங்க, சிம்ப்ளிஃபை அழுத்துங்க.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன், தமிழ் எழுத்து. இதுதான் என்னை இங்க்ஸ்கேப் பக்கம் தள்ளினது. ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா வரிசையா நிக்கும், தமிழ் அப்படி இல்ல, ‘கொ’ன்னு அடிச்சா கொம்பு முன்னாடி வரணும், கால் பின்னாடி வரணும், நடுவுல க நிக்கணும், ‘கி’ல மேல வர்ற விசிறி க-வோட ஒட்டணும். இந்தக் கோர்க்கற வேலையை எல்லா மென்பொருளும் சரியா செய்யும்னு நம்பிடாதீங்க. எந்த மென்பொருளா இருந்தாலும் ‘கொண்டாட்டம்’னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, கொம்பு க-வுக்கு பின்னாடி போய் புள்ளி வட்டத்தோட நின்னுச்சுன்னா அதுல தமிழ் எழுத வேண்டாம். இங்க்ஸ்கேப்ல யூனிகோட் தமிழ் ஒழுங்கா கோர்த்து வரும், அதுவும் முழு இலவசம், 2003-லேர்ந்து தன்னார்வலர்கள் சேர்ந்து செஞ்சுக்கிட்டு இருக்கற மென்பொருள். கத்துக்க ரெண்டு வாரம் ஆகும், அதை மறைக்க மாட்டேன், முதல் நாள் திறந்தா எங்க பாத்தாலும் பட்டனா தெரியும், ஆனா நமக்கு வேண்டியது அதுல நாலஞ்சுதான்.

டெக்ஸ்ட் டூல்ல தமிழ்ல அடிங்க, ஃபான்ட் வெட்டறதுக்கு ஏத்ததா தடிமனா உருண்டையா எடுங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசமா கிடைக்கற பலூ தம்பி எனக்கு ரொம்பப் பிடிக்கும், குண்டு எழுத்து, முனையெல்லாம் மழுங்கலா இருக்கும், குழந்தை பேருக்கு அதை மிஞ்சி ஒண்ணு இல்ல. கொஞ்சம் நிதானமான எழுத்து வேணும்னா முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் இதெல்லாம் தடிமன் தடிமனா பல அளவுல வருது, அதுல போல்டு எடுங்க. கவிவனர் பாக்க அழகு, கையெழுத்து மாதிரி சாஞ்சு வரும், ஆனா கோடு மெலிசு, ரெண்டு இன்ச்சுக்கு கீழ வினைல்ல, அதாவது பின்னாடி பசை இருக்கற பிளாஸ்டிக் ஷீட்ல, வெட்டினா உரிக்கும்போதே அறுந்துடும். அடிச்சு முடிச்சதும் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி, அது எழுத்தை கோடா மாத்தும், இனிமே அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தாலும் மாறாது. அப்புறம் அன்குரூப், அப்புறம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் பிளஸ், அது யூனியன், ஏறி இருக்கறதை எல்லாம் ஒரே வடிவமா சேர்க்கறது. இந்த யூனியனை மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க. சில ஃபான்ட்ல துணையெழுத்தும் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், திரையில கறுப்பு மேல கறுப்பு, ஒண்ணும் தெரியாது, வெட்டும்போது அந்த ஏறின இடத்துல எழுத்துக்கு குறுக்க கத்தி போய் ரெண்டு துண்டா வரும். கன்ட்ரோலோட நம்பர் பேட்ல இருக்கற 5 அழுத்தினா அவுட்லைன் மட்டும் தெரியற மாதிரி மாறும், கத்தி எங்க எங்க போகும்னு அப்படியே அதுல தெரியும், நான் அதைப் பாக்காம எந்த ஃபைலையும் வெட்ட அனுப்பறதில்ல.

மெய்யெழுத்து மேல வர்ற புள்ளி. இதைத் தனியா சொல்லணும். எங்க அக்கா பொண்ணு வளைகாப்புக்கு தங்க நிற கிளிட்டர் கார்டுல ‘வளைகாப்பு’ன்னு எட்டு இன்ச் அகலத்துக்கு வெட்டி வெச்சேன், கார்டை ஒட்டி வெச்சு வெட்டற மேட்லேர்ந்து உரிச்சு எடுத்து அடுக்கி ஒட்டி சுவத்துல மாட்டினப்புறம் மாமியார் ஒருத்தங்க படிச்சுப் பாத்து “என்னம்மா இது, காபபுன்னு இருக்கு”ன்னாங்க. ப்-வோட புள்ளி மேட்லயே ஒட்டிக்கிட்டு குப்பைக்குப் போயிருக்கு, நான் அதைக் கவனிக்கவே இல்ல, அஞ்சு நிமிஷத்துல விருந்தாளிங்க வந்துட்டாங்க. அன்னிக்கு எனக்கு வந்த வருத்தத்துலதான் இந்தப் புள்ளி விஷயத்தை ஒழுங்கா யோசிச்சேன். தமிழ்ல மெய்யெழுத்து வராத வார்த்தை எத்தனை இருக்கு சொல்லுங்க, பேரை எடுத்தாலே கார்த்திக், ஐஸ்வர்யா, செந்தில், எங்கயும் புள்ளி. அதனால அந்தரத்துல நிக்கற புள்ளிக்கு ஃபைல்லயே வழி பண்ணணும், வெட்டினப்புறம் பண்ண முடியாது.

மூணு வழி இருக்கு. வினைலா இருந்தா கவலையே வேண்டாம், மேல ஒட்டித் தூக்கற ட்ரான்ஸ்ஃபர் டேப் எல்லா புள்ளியையும் அதது இடத்துலயே தூக்கிட்டு வந்துடும். கேக் டாப்பர் மாதிரி ஒத்தைத் துண்டா நிக்கணும்னா புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல ஒரு சின்ன பாலம் போட்டு யூனியன் பண்ணணும், 250 ஜிஎஸ்எம் கார்டுக்கு ரெண்டு மில்லிமீட்டர் அகலம் கொடுங்க, அதுக்கு கீழ போனா கேக் கடையிலேர்ந்து வீட்டுக்கு வர்றதுக்குள்ள உடையும். மூணாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, எழுத்து மொத்தத்தையும் காப்பி எடுத்து அதை சுத்தி மூணு நாலு மில்லிமீட்டர் வெளியே விரிக்கணும், இங்க்ஸ்கேப்ல அவுட்செட், சில்ஹவுட் ஸ்டுடியோல ஆஃப்செட். விரிஞ்சதும் எழுத்து எழுத்தா பிரிஞ்சு இருந்தது எல்லாம் ஒட்டிக்கிட்டு புள்ளியையும் உள்ள இழுத்து ஒரே மேகம் மாதிரி ஆயிடும், அதை வேற கலர் கார்டுல வெட்டி அடியில வெச்சு மேல எழுத்தையும் புள்ளியையும் ஒட்டினா பாக்கவும் எடுப்பா இருக்கும், புள்ளிக்கும் ஒரு இடம் கிடைக்கும். ஸ்டென்சில் வெட்டறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்சனை, புள்ளி ஓட்டையா அழகா வந்துடும், ஆனா வ, ண, ன மாதிரி சுழிச்ச எழுத்துல உள்ள மாட்டிக்கிட்டு இருக்கற துண்டு விழுந்துடும், அதுக்கு உள்பக்கம் பாலம் போடணும்.

கடையில பழைய பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு நல்ல சேதி, அதெல்லாம் யூனிகோடுக்கு முந்தின ஏற்பாடு, ஆங்கில எழுத்து இருக்கற இடத்துல தமிழ் உருவத்தை உக்கார வெச்சது, அதனால தமிழே கோர்க்கத் தெரியாத மென்பொருள்லயும் அது ஒழுங்கா வரும். அந்தக் கீபோர்டு பழக்கம் இருக்கறவங்க நேரா சில்ஹவுட் ஸ்டுடியோலயே அடிச்சு வேலையை முடிக்கலாம். பழக்கம் இல்லாதவங்க அதுக்காகப் புதுசா கத்துக்க வேண்டாம்.

சரி, இங்க்ஸ்கேப்ல செஞ்சாச்சு, எஸ்விஜி கையில இருக்கு. கிரிகட் வெச்சிருக்கறவங்களுக்கு வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஏத்திட்டு அட்டாச் மட்டும் போட்டுடுங்க, இல்லன்னா மெஷின் பேப்பரை மிச்சம் பண்றேன்னு எழுத்தையெல்லாம் இடம் மாத்தி அடுக்கிடும். கேமியோ பேசிக் எடிஷன்காரங்களுக்குத்தான் இங்க ஒரு முடிவு எடுக்க வேண்டி வரும். டிஎக்ஸ்எஃப்பா மாத்தறதா, டிசைனர் எடிஷன் வாங்கறதா, இல்ல பெரிய பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணி ட்ரேஸ் பண்ணிக்கறதா.

டிஎக்ஸ்எஃப் இலவசம், வேலை செய்யும், ஆனா என்ஜினியர் வீட்டுப் பிள்ளைன்னு சொன்னேன் இல்லையா, நாம எடுக்கற டிஎக்ஸ்எஃப்ல நிரப்பின நிறம் கூட வராது, ஸ்டுடியோவுக்குப் போறது கோடு மட்டும்தான். மூணு கலர்ல பிரிச்சு வெச்ச டிசைன் உள்ள போனா மொத்தமும் ஒரே மாதிரி கோடாத்தான் திறக்கும், எது எந்தக் கார்டுக்குன்னு மறுபடி உக்காந்து பிரிக்கணும். அதனால கலருக்கு ஒண்ணா தனித்தனி டிஎக்ஸ்எஃப் எடுத்துடறது நல்லது. வளைவு வேற சில நேரம் குட்டிக் குட்டி நேர்கோடா உடையும், சில நேரம் ஒரே கோடா இருக்க வேண்டியது பத்துத் துண்டா திறக்கும், அப்போ கத்தி ஒவ்வொரு துண்டுக்கும் ஏறி இறங்கி வெட்டும், ஏறி இறங்கின இடம் எல்லாம் மூலை கிழியும். இங்க்ஸ்கேப்ல சேவ் ஆஸ் போட்டு டெஸ்க்டாப் கட்டிங் பிளாட்டர், ஆர்14னு இருக்கறதை எடுங்க, அது நமக்காகவே வெச்சது, ஆர்12 வேண்டாம். ஸ்டுடியோல அளவு தாறுமாறா திறந்தா ப்ரிஃபரன்ஸ்ல இம்போர்ட் பகுதியில டிஎக்ஸ்எஃப்புக்கு ஆஸ் ஈஸ்னு வெச்சுப் பாருங்க.

ஒத்தைக் கலர் பேர், நாலஞ்சு உருவம், அவ்வளவுதான்னா டிஎக்ஸ்எஃப் தாராளமா போதும், நான் பல மாசம் அதுலயே ஓட்டினேன். அடுக்கடுக்கா கலர் வெச்ச மண்டலா டிசைன், மூணு லேயர் கேக் டாப்பர், இல்ல வாங்கின எஸ்விஜி ஃபைலு, இதெல்லாம் அடிக்கடி வர ஆரம்பிச்சா டிசைனர் எடிஷன் வாங்கிடுங்க. பட்டியல் விலை 49.99 டாலர், ஒரு தடவை கட்டினா போதும், மாசாமாசம் இல்ல. எனக்கு அது மிச்சம் பண்ணின நேரத்துக்கு அந்தக் காசு சரின்னுதான் தோணுது, ஆனா வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாளும் ஒரு கொலுவும்தான் வேலைன்னா அந்தக் காசுக்கு வினைல் ரோல் வாங்கிடுங்க. அதுக்கு மேல இருக்கற பிசினஸ் எடிஷன் கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர்ங்கற வரையற மென்பொருளோட ஃபைலையும் திறக்கும், ஸ்டுடியோல செஞ்சதை எஸ்விஜியா வெளியயும் எடுக்கும், வீட்டு வேலைக்கு எனக்கு அது தேவைப்படல, ஆர்டர் எடுக்கறவங்க யோசிக்கலாம். ப்ளூடூத் இருக்கற கேமியோன்னா சில்ஹவுட் கோ ஆப்ல எஸ்விஜியை ஃபோன்லேர்ந்தே வெட்டலாம், அவசரத்துக்கு நல்லது, ஆனா உக்காந்து திருத்தற வேலைக்கு ஃபோன் திரை பத்தாது.

மூணாவதா சொன்ன பிஎன்ஜி வழியையும் கேவலமா நினைக்க வேண்டாம். நாமளே இங்க்ஸ்கேப்ல சுத்தமா செஞ்ச டிசைனை இன்ச்சுக்கு அறுநூறுன்னு வெச்சு பெரிய பிஎன்ஜியா எடுத்து ட்ரேஸ் பண்ணினா விளிம்பு அருமையா வருது, வாட்சப் படம் மாதிரி இல்ல. டிஎக்ஸ்எஃப் முரண்டு பிடிக்கற டிசைனுக்கு நான் இதைத்தான் செய்வேன்.

ஆன்லைன் கன்வெர்ட்டர் பத்திக் கேப்பீங்க. படத்தைப் போட்டா எஸ்விஜி தர்ற தளம் எக்கச்சக்கம். அதுல சிலது நிஜமாவே ட்ரேஸ் பண்ணித் தருது, சிலது உங்க பிஎன்ஜியை அப்படியே ஒரு எஸ்விஜி உறைக்குள்ள போட்டு ஒட்டித் தருது, பேர் எஸ்விஜி, உள்ள படம்தான், கோடு ஒண்ணும் கிடையாது. மெஷின்ல திறந்தா படம் தெரியும், வெட்டுக்கோடு வராது, நாம மெஷின் ரிப்பேர்னு நினைப்போம். காசு கொடுத்து வாங்கின ஒரு ஃபைல்லயே எனக்கு இப்படி நடந்திருக்கு. கண்டுபிடிக்கறது சுலபம், இங்க்ஸ்கேப்ல திறந்து நோடு டூலால தொடுங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா கோடு, வெறும் சதுரம் மட்டும் தெரிஞ்சா படம். அப்படி ஏமாந்துட்டா ஷிஃப்ட் ஆல்ட் பி (B) போட்டு இங்க்ஸ்கேப்லயே ட்ரேஸ் பண்ணிக்கலாம், அதுக்குள்ள இருக்கற பொட்ரேஸ் ரொம்ப நல்ல ட்ரேசர், பிரைட்னெஸ் கட்ஆஃபை மட்டும் ஏத்தி இறக்கிப் பாத்தா போதும். அது இருக்கும்போது குழந்தை ஃபோட்டோவையும் பேரையும் யார் நடத்தறாங்கன்னே தெரியாத தளத்துல ஏத்த எனக்கு மனசு வரல. கேன்வா நிறைய பேர் பயன்படுத்தறீங்க, தமிழ் ஃபான்டும் இருக்கு, ஆனா எஸ்விஜியா எடுக்க காசு கட்டணும், உள்ள போட்ட படம் வெளிய வரும்போதும் படமாத்தான் வரும், எழுத்தும் எளிய உருவமும் மட்டும்தான் உருப்படியா கோடா வரும்.

நம்ம ஊர்ல இன்னொரு நல்ல வழி இருக்கு, அதை யாரும் பெருசா சொல்றதில்ல, டிடிபி கடை. பத்திரிகை அடிக்கற கடை, ஸ்டிக்கர் கடை, ஃப்ளெக்ஸ் கடை எதுலயும் கோரல் டிராதான் ஓடும், அந்தத் தம்பிங்க தமிழ் எழுத்தை அடுக்கி வளைச்சு அழகு பண்றதுல வருஷக்கணக்கா கை பழகினவங்க. கல்யாணப் பத்திரிகையில வந்த அதே பேர் டிசைனை மண்டபத்துல போர்டா வெட்டி வைக்கணும்னா அதைப் பாத்து நாம மறுபடி வரையறதை விட அவங்ககிட்டயே கேட்டு வாங்கறது நல்லது. கேக்கும்போது சரியா கேளுங்க, “தம்பி, எழுத்தெல்லாம் கன்வெர்ட் டு கர்வ்ஸ் போட்டு எஸ்விஜியா எக்ஸ்போர்ட் பண்ணித் தாங்க”ன்னு. கோரல்ல அது கன்ட்ரோல் கியூ, ஒரு நொடி வேலை. அது போடாம கொடுத்தா பழைய ஃபான்ட் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்காது, மணமக்கள் பேர் இருக்க வேண்டிய இடத்துல ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கண்டபடி திறக்கும்.

அளவு மாறிப் போறதுதான் ஃபைல் மாத்தறதுல வர்ற அடுத்த பெரிய தலைவலி. காரணம் ரொம்ப எளிசு, எஸ்விஜிக்குள்ள அளவு பல நேரம் பிக்சல்ல எழுதியிருக்கும், ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல்ங்கறதுல மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு வேற. இல்லஸ்ட்ரேட்டர் 72, இங்க்ஸ்கேப் 96, அதுவும் 2017-ல வந்த 0.92 பதிப்புக்கு முன்னாடி 90. ஆறு இன்ச் பேர் இங்க்ஸ்கேப்ல 576 பிக்சல், அதையே 72 கணக்கு வெச்சுப் படிக்கற மென்பொருள் எட்டு இன்ச்னு திறக்கும். திறந்ததும் எட்டுன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம், ஆனா பெட்டிக்கு மூடி, கவருக்கு மடிப்புன்னு அளவு பொருந்த வேண்டிய டிசைன்ல இது தெரியாமலே போயிடும், வெட்டி மடிச்சப்புறம்தான் மூடி உள்ள போகாதுன்னு தெரியும். நான் எந்த ஃபைல்லயும் ஓரத்துல சரியா ஒரு இன்ச் சதுரம் ஒண்ணு வரைஞ்சு வெச்சுடுவேன், அங்க திறந்ததும் அந்தச் சதுரத்தை அளந்து பாத்து மொத்தத்தையும் சேர்த்து சரி பண்ணிட்டு அப்புறம் அதை அழிச்சுடுவேன்.

கோலம் வெட்டறவங்களுக்கு தனியா கொஞ்சம் சொல்லணும், மார்கழி வந்தா எல்லாரும் கேக்கறது இதைத்தான். சிக்குக் கோலத்தை சாதாரணமா ட்ரேஸ் பண்ணினா கோட்டோட ரெண்டு கரையையும் எடுக்கும், அதாவது ஒரு இழை ரெண்டு கோடாயிடும். வெட்டறதுக்கு அது சரிதான், ஆனா மெஷின்ல பேனா மாட்டி வரையணும்னா இழைக்கு ரெட்டைக் கோடு விழுந்து அசிங்கமா இருக்கும். அதுக்கு நடுக்கோடு மட்டும் எடுக்கற சென்டர்லைன் ட்ரேஸ் வேணும், இங்க்ஸ்கேப்ல 1.0 பதிப்பு வந்த 2020-லேர்ந்து அது உள்ளயே இருக்கு. இருந்தாலும் என் அனுபவத்துல கோலத்தை ட்ரேஸ் பண்றதை விட புள்ளி வெச்சு கிரிட் மேல கையாலயே வளைவு வரையறது சீக்கிரம் முடியும், கால்வாசி வரைஞ்சு சுத்திச் சுத்தி காப்பி பண்ணினா மீதி தானா வரும். பேப்பர்ல வெட்ட அந்த ஒத்தைக் கோட்டுக்கு மூணு மில்லிமீட்டர் தடிமன் கொடுத்து கன்ட்ரோல் ஆல்ட் சி போட்டா கோடு பட்டையா மாறும், யூனியன் போட்டா பின்னல் மொத்தமும் ஒரே துண்டா நிக்கும், அவ்வளவு அழகா வரும் பாருங்க, சிக்குக் கோலம் கத்திக்குன்னே பொறந்த மாதிரி. அதுலயும் வளைகாப்பு கதைதான், பின்னல் நிக்கும், உள்ள இருக்கற புள்ளி அத்தனையும் உதிரும். நான் புள்ளியைத் தனியா வினைல்ல வெட்டி பின் அட்டையில ஒட்டிட்டு மேல பின்னலை வைக்கறேன்.

மூலம் ஏன் எஸ்விஜியா இருக்கணும்னு ஆரம்பத்துல சொன்னதுக்கு காரணம் இன்னும் சொல்லல. சில்ஹவுட் ஸ்டுடியோ தன் டிசைனை ஸ்டுடியோ3ங்கற சொந்த வடிவத்துல சேமிக்கும், அது அந்த மென்பொருளுக்குள்ள மட்டும்தான் செல்லும். கிரிகட்டுக்குள்ள செஞ்சது கிரிகட்டுக்குள்ளயே இருக்கும். கிரிகட் தன் பழைய கிராஃப்ட் ரூம் மென்பொருளை 2018-ல மூடிடுச்சு, 2021 மார்ச்ல இலவசமா பயன்படுத்தறவங்க மாசத்துக்கு இருபது டிசைன்தான் ஏத்தலாம்னு அறிவிச்சு, பயன்படுத்தறவங்க கொந்தளிச்சதும் அதே மாசம் திரும்ப வாங்கிக்கிச்சு. கம்பெனிக்கு அதுக்குன்னு காரணம் இருக்கலாம், ஆனா பேத்தி பேரை வரைஞ்ச ஃபைல் இன்னொருத்தர் முடிவுல மாட்டிக்கக் கூடாது. எஸ்விஜி என் கம்ப்யூட்டர்லயும் ஒரு பென்டிரைவ்லயும் இருந்தா நாளைக்கு கேமியோ போய் பிரதர் வந்தாலும், தெரிஞ்சவங்க லேசர் மெஷின் வெச்சு மரத்துல வெட்டித் தரேன்னாலும் அதே ஃபைலைக் கொடுக்கலாம். போன வருஷம் அப்படித்தான் கார்டுல வெட்டின ‘முல்லை இல்லம்’ போர்டை அதே எஸ்விஜியை அனுப்பி அக்ரிலிக்ல வெட்டி வாங்கினோம், ல்-லோட புள்ளிக்கு நான் போட்டிருந்த ரெண்டு மில்லிமீட்டர் பாலத்தை மட்டும் அவர் நாலா ஆக்கச் சொன்னார், இங்க்ஸ்கேப்ல திறந்து ரெண்டு நிமிஷத்துல மாத்திக் கொடுத்துட்டேன், இப்ப வாசல்ல தொங்குது.